ஊடுருவு நோயா, உட்புகு நோயா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'இன்வேசிவ் நிமோகாக்கல் நோய்' என்பது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தம், மூளையைச் சுற்றிய நீர் போன்ற இடங்களுக்குள் போவதால் வரும் கடும் நோய். அதிலுள்ள 'இன்வேசிவ்' என்பதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஆக்கிரமிப்பு, ஊடுருவும், பரவும். 'பரவும்' சரிப்படாது, அதைப் படிப்பவர் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தொற்றுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். 'ஆக்கிரமிப்பு' என்றால் எங்கள் வேலூர்ப் பக்கம் ஏரி, பாலாற்றங்கரை, தாசில்தார் நோட்டீஸ் இதெல்லாம்தான் நினைவுக்கு வரும்.

மிச்சம் இருப்பது 'ஊடுருவும்'. பலரும் இதையே ஆதரிக்கிறீர்கள், நானும் முதலில் இதைத்தான் எழுதினேன். ஆனால் ஊடுருவுவது என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருவது, அம்பு மார்பை ஊடுருவுவதுபோல. எக்ஸ்ரே கதிர் உடலை ஊடுருவுகிறது என்றும் எழுதுகிறோம். இந்தக் கிருமி அப்படிச் செய்வதில்லை, உள்ளே போய்த் தங்கிப் பெருகுகிறது.

நான் நோயாளிகளுக்கான தகவல் தாள்களைத் தமிழாக்கும் வேலையில் இருப்பவன். ஒடுகத்தூரிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டதை உங்களிடம் சொல்ல வேண்டும். எட்டு மாதக் குழந்தைக்கு நிமோகாக்கல் மூளைக்காய்ச்சல். பிழைத்துவிட்டது, ஆனால் ஒரு காது கேட்கவில்லை. நான் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தம்மா கேட்டார்: "மூக்குல சளிதானேங்க இருந்துச்சு, அது எப்படிங்க மூளைக்குப் போச்சு?" என் தாளில் 'ஊடுருவும் நோய்' என்று நாலு இடத்தில் இருந்தது, அவர் கேட்டதற்குப் பதில் ஓரிடத்திலும் இல்லை.

பதில் இதுதான். இந்தக் கிருமி சிறு குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே குடியிருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வைரஸ் சளியோ ஃப்ளூவோ வந்து அந்த இடம் புண்ணாகும்போது சில சமயம் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. அதன் மேலிருக்கும் சர்க்கரை உறையால் வெள்ளணுக்கள் அதை எளிதில் விழுங்க முடிவதில்லை. இரண்டு வயதுக்குள் அந்த உறைக்கு எதிரான எதிர்ப்பும் சரியாக உருவாகாது. ஆகவே சொல்லில் வர வேண்டியது, கிருமியே இருக்கக்கூடாத இடத்துக்குள் கிருமி புகுந்தது என்பது: ரத்தம், மூளைத் தண்டுவட நீர், நுரையீரலைச் சுற்றிய நீர், மூட்டு நீர்.

அதனால் நான் சொல்வது உட்புகு நிமோகாக்கல் நோய். வினைத்தொகையாக இருப்பதால் கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. காதுச்சீழ், சைனஸ் அழற்சி எல்லாம் உட்புகா நோய். கிருமியில் 100க்கு மேல் சீரோவகை (மேலுறையின் வேறுபாட்டை வைத்துப் பிரிக்கும் உள்வகை) உண்டு, எல்லாம் ஒரே மாதிரி உள்ளே போவதில்லை. 1ஆம் வகை மூக்கில் அரிதாகத்தான் காணப்படும், ஆனால் அதற்கு உட்புகுதிறன் அதிகம். 'ஊடுருவு'வை வைத்து இதை எழுதிப் பாருங்கள், தடுமாறும்.

நிமோனியாவும் கிருமி நுரையீரலுக்குள் போனதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் கண்காணிப்பு ஆய்வுகளில் கணக்கு வைப்பது கிருமி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை வைத்து. எடுத்த ரத்தத்திலோ நுரையீரலைச் சுற்றிய நீரிலோ கிருமி வளர்ந்தால் அந்த நிமோனியா உட்புகு நோய், வளராவிட்டால் அந்தக் கணக்கில் வராது. எங்கள் பக்கம் பல குழந்தைகள் ஏற்கெனவே ஆண்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகின்றன, ரத்தப் பரிசோதனையில் கிருமி வளர்வதே இல்லை. எனவே நோய் லேசானது என்ற பொருள் 'உட்புகா' என்பதில் ஏறிவிடக்கூடாது, விளக்கக் குறிப்பில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

அப்புறம், 'நிமோகாக்கஸ்' என்பதையே மாற்றி 'இரட்டைக்கோளக் கிருமி' என்று வைக்கலாம் என்ற யோசனை. நுண்ணோக்கியில் இரண்டிரண்டாகத் தெரிவது உண்மை, ஆனால் மெனிங்கோகாக்கஸும் அப்படித்தான் தெரியும், அதுவும் மூளைக்காய்ச்சல் தரும். 2021இல் தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசி அட்டவணையில் நிமோகாக்கல் ஊசி சேர்ந்ததிலிருந்து ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று போட வரும் தாய்மார்கள் 'நிமோனியா ஊசி' என்று கேட்கிறார்கள். அந்தச் சொல்லோடு ஒட்டிப் போகும் பெயரைக் கலைக்க வேண்டாம்.

தாளைத் திருத்தி, முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "மூக்கில் இருக்கும் நிமோகாக்கல் கிருமி ரத்தத்துக்குள்ளோ மூளையைச் சுற்றிய நீருக்குள்ளோ புகுந்துவிட்டால் அது உட்புகு நோய்." இதில் எங்காவது இடறுகிறதா, படித்துச் சொல்லுங்கள்.