கரிஜினி, டனல் க்ரீக், பாம் வேலி: கார்ஜுக்குள் இறங்கியவர்களின் அனுபவம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கரிஜினி தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் ஒரு ஜூலை மாதம், பள்ளி விடுமுறையில், நண்பர் குடும்பத்தோடு சேர்ந்து பெர்த்திலிருந்து வண்டியிலேயே போனோம். சாலை வழியே சுமார் 1,400 கிலோமீட்டர். பில்பரா வட்டாரம் வந்ததும் மண் சிவந்துவிடும். அதன்மேல் ஸ்பினிஃபெக்ஸ் புல், நடுநடுவே வெள்ளை அடிமரத்தோடு ஸ்நாப்பி கம் மரங்கள். கார்ஜ் (செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு) எங்கே, எங்கே என்று பிள்ளைகள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அது காலுக்குக் கீழே இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடந்தால் தரை சட்டென்று முடிந்துவிடும். ஆக்சர் லுக்அவுட் என்ற பார்வை மேடையில் நின்றால் வீயானோ, ஜோஃப்ரி, ஹான்காக், ரெட் என்று நான்கு கார்ஜ்கள் வந்து சேரும் இடம் தெரியும். சுவர்கள் சில இடங்களில் 100 மீட்டர் வரை இறங்குகின்றன.

பலர் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மேலேயிருந்து பார்த்தது பார்த்ததில் சேர்த்தியே இல்லை என்பேன். உடம்பு ஒத்துழைத்தால் இறங்கிப் பாருங்கள். ஆனால் இறங்குகிறவர்கள் வெயிலுக்குத் தொப்பி, தண்ணீர், கிரீம் எல்லாம் எடுத்துக்கொண்டு, குளிரைப் பற்றி யோசிக்காமல் வந்துவிடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஹான்காக் கார்ஜில் முதலில் படிகள், அப்புறம் இரும்பு ஏணி. அடியில் ஓரிடத்தில் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போகலாம், இல்லையென்றால் தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்கப்புறம் பாறை வட்டமாக விரிந்து ஓர் அரங்கம். அதைத் தாண்டினால் ஸ்பைடர் வாக். இரண்டு சுவரும் நெருங்கி, இந்தப் பக்கம் ஒரு கை, ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கை, ஒரு கால் ஊன்றித்தான் நகர முடியும். காலுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். முடிவில் கெர்மிட்ஸ் குளம், பச்சை நிறத்தில். மேலே நல்ல வெயில், டீ ஷர்ட்டோடு நிற்கலாம். கீழே சூரியன் எட்டுவது நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரம்தான். அந்தத் தண்ணீரில் மார்பளவு இறங்கியதும் மூச்சு இழுத்துப் பிடித்துக்கொண்டது. எங்களோடு வந்த பிள்ளைகளில் பெரியவனுக்கு வயது பதினான்கு, நல்ல நீச்சல்காரன். வெளியே வந்து வெகுநேரம் பல் கிட்டித்தது. உடம்பு நடுங்க ஆரம்பித்தால் கை பிடி நழுவும், ஏணியில் திரும்பி ஏற வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. மெல்லிய வெட்சூட் (குளிர்ந்த தண்ணீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் உடை) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்துணியைத் தண்ணீர் புகாத பையில் வைத்துக் கூடவே எடுத்துப் போங்கள், வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நனைந்த பாறையில் வழுக்காத ஷூ கட்டாயம்.

கெர்மிட்ஸ் குளத்துக்கு அப்பால் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று பலகை இருக்கிறது. கயிறு இல்லாமல் முடியாத வழி அது. அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் குளத்துக்கு ரீகன்ஸ் குளம் என்று பெயர். 2004ல் மீட்புப் பணிக்காக இறங்கிய ஜிம் ரீகன் என்ற தன்னார்வலர் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தார். அவர் நினைவாக வைத்த பெயர். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும், எங்கோ மேட்டில் பெய்த மழை இந்த இடுக்கு வழியாகத்தான் வரும். மழை என்று முன்னறிவிப்பு இருந்தால் இறங்காதீர்கள். அந்தப் பலகையைத் தாண்டிப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் மாட்டிக்கொண்டால் இன்னொரு தன்னார்வலர்தான் இறங்க வேண்டும்.

பாறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கப் பழைய கணக்கு நோட்டுகளை அடுக்கியதுபோல் வரிவரியாக இருக்கும். ஒரு வரி செங்கல் சிவப்பு, அடுத்தது நீலம் கலந்த கறுப்பு, நனைந்த இடத்தில் உலோகம்போல் மினுங்கும். சில வரிகள் விரல் நகத்தளவுகூட இல்லை. இவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. அன்றைய கடல்நீரில் இரும்பு கரைந்திருந்தது. நுண்ணுயிர்கள் வெளிவிட்ட ஆக்சிஜன் அதோடு சேர, இரும்பு துருவாகிக் கீழே படிந்தது. நாம் மூச்சு விடும் காற்று உருவான கதையும் அந்தச் சுவரில் இருக்கிறது. அதே இரும்பைத்தான் பக்கத்தில் டாம் பிரைஸ், மராண்டூ சுரங்கங்களில் வெட்டுகிறார்கள்.

டேல்ஸ் கார்ஜில் ஃபோர்டெஸ்க்யூ அருவிக்கு மேலே ஃபெர்ன் குளம் இருக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பன்ஜிமா மக்களுக்கு அது மிக முக்கியமான இடம். சத்தம் போடாமல், மெதுவாக இறங்கச் சொல்கிறார்கள். கரையில் அத்திமரங்கள், மேலே கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள், தண்ணீரில் காலை வைத்தால் சின்ன மீன்கள் வந்து கடித்துப் பார்க்கும். நாங்கள் போனபோது இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் கத்தவில்லை. அந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

விட்டனூம் பக்கம் மட்டும் போகாதீர்கள். 1966 வரை நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் இருந்த ஊர். அந்த நார்த்தூசியைச் சுவாசித்து ஆயிரக்கணக்கானோர் இறந்திருக்கிறார்கள். கழிவுக் குவியல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஊரே அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. "பேய் ஊர்" வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே கிம்பர்லி பக்கம் போனதைச் சொல்கிறேன். விண்ட்ஜானா கார்ஜ், இப்போது பண்டில்ஙன் என்று அதன் சொந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். அப்புறம் அதற்குத் தெற்கே டனல் க்ரீக். கரிஜினி இரும்பு என்றால் இது சுண்ணாம்பு. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது, இந்தச் சுவர்கள் அந்தக் கடலில் உயிரினங்கள் கட்டிய திட்டு (ரீஃப்). சாம்பல் நிறப் பாறையில் கடல் உயிர்களின் தடம் பதிந்திருப்பதை நின்று பார்க்கலாம். வறண்ட மாதங்களில் லென்னார்ட் ஆறு குட்டைகளாகச் சுருங்கிவிடுவதால் நன்னீர் முதலைகள் மணலில் ஏறிப் படுத்திருக்கும். ஒடுங்கிய மூக்கு, தொந்தரவு செய்யாவிட்டால் அவை பாட்டுக்குக் கிடக்கும். கிட்டே போகாமல் இருப்பது நம் பொறுப்பு.

டனல் க்ரீக்கில் மலைக்கு அடியில் சுமார் 750 மீட்டர் நடக்க வேண்டும், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில். நடுவே கூரை இடிந்து விழுந்த இடத்தில் வெளிச்சம் வரும். மறுபடி இருட்டு. எங்களை அழைத்துப்போன, அந்தப் பகுதிப் பூர்வகுடியான புனுபா இனத்து வழிகாட்டி அந்த வெளிச்சத்தில் எங்களை நிறுத்தி ஜண்டமராவின் கதையைச் சொன்னார். காவல்துறைக்குத் தடம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஜண்டமரா. 1894ல் ஒரு காவலரைச் சுட்டுவிட்டு, சங்கிலியில் கட்டி வைத்திருந்த தன் மக்களை விடுவித்தார். அதே ஆண்டு விண்ட்ஜானாவில் சண்டை. காயத்தோடு தப்பி, மூன்று ஆண்டுகள் இந்தக் குகைகளையே கோட்டையாக்கிக்கொண்டு காலனியப் படைகளுக்குச் சிக்காமல் இருந்தார். 1897ல் இங்கேதான் கொல்லப்பட்டார். எந்தப் பொந்தில் ஒளிந்தார், எந்த வழியே வெளியேறினார் என்று கையை நீட்டிக் காட்டிச் சொன்னபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. அந்த ஊர் வழிகாட்டியோடு போங்கள், கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை. தனியாகப் போயிருந்தால் நான் ஒரு குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன், அவ்வளவுதான்.

* * *

நாட்டின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போகிறவர்கள் பாம் வேலியை விட்டுவிடாதீர்கள். ஹெர்மன்ஸ்பர்க் தாண்டி ஃபிங்க் ஆற்றுப் படுகையிலேயே வண்டி போகும், நல்ல உயரமான ஃபோர்-வீல்-டிரைவ் இல்லாமல் முடியாது. பாலைவனத்துக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு நிறைய பனை வகை மரங்கள்! மணற்பாறை மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுவதால் பிழைத்திருக்கின்றன. இதன் நெருங்கிய சொந்தம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. மழைக்காடு இருந்த காலத்தின் மிச்சம் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். மரபணுவை ஆராய்ந்த பிறகு, விதையை மனிதர்களே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். வடக்கிலிருந்து விதைகள் வந்ததாக அங்குள்ள பூர்வகுடிகளான அர்ரெண்ட மக்கள் சொல்லிவந்த கதையை ஒரு ஜெர்மானியப் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெரியவர்களின் பேச்சை அப்போதே காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

* * *

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். எங்கள் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கரிஜினிக்கு அழைத்துப் போகலாமா?

* * *

தாராளமாகப் போகலாம். ஹான்காக், வீயானோ பக்கம் அம்மாவைக் கீழே இறக்காதீர்கள், லுக்அவுட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதைகளுக்கு 1 முதல் 6 வரை தரம் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். 5, 6 என்றால் ஏறித் தொற்றிப் போகும் வழி. டேல்ஸ் கார்ஜில் மேல்விளிம்புப் பாதை சமதளம். ஃபோர்டெஸ்க்யூ அருவிக்குப் படிகள் இருக்கின்றன, ஆனால் நிறைய. முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து அம்மாவே முடிவு செய்யட்டும். மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது, இரவில் கூடாரத்துக்குள் நன்றாகக் குளிரும், கம்பளி எடுத்துப் போங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, ஃபோன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. டாம் பிரைஸிலேயே டேங்கையும் தண்ணீர்க் கேன்களையும் நிரப்பிக்கொண்டு, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.