முள் கீறின கோட்டிலேயே வந்தது

எனக்கு சொரியாசிஸ் வந்து 11 வருஷம் ஆகிறது. முழங்கை இரண்டிலும் ரூபாய் நாணய அளவுக்குப் படை, தலையில் கொஞ்சம். அதோடு அடங்கிக் கிடந்தது. போன ஐப்பசியில் வாசல் காகிதப்பூச் செடியைக் கழிக்கும்போது முன்கையில் முள் கிழித்துவிட்டது. நாலு விரற்கடை நீளம் இருக்கும். காயம் ஆறியது, நானும் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துக் குளிக்கும்போது பார்த்தால் அதே கோட்டில் கடுகு கடுகாக ஏழெட்டுப் புள்ளி. அப்புறம் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பட்டையாகத் தடித்தன. மேலே மெழுகுவர்த்தியைச் சுரண்டியதுபோல வெள்ளைச் செதில். சும்மா இருக்காமல் ஒன்றைப் பிய்த்தேன். அடியில் ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தம் பொட்டிட்டது.

முழங்கையில் இருந்தது ரத்தத்தில் கலந்து கைக்கு இறங்கிவிட்டது என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்ததும் கேட்டது, "இங்க ஏதாவது கீறிச்சா?" காயம் பட்ட இடத்திலேயே சொரியாசிஸ் கிளம்புவதை 1870களிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்திருக்கிறாராம், குதிரை கடித்த இடத்தில்கூட வந்ததாக. தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகவேண்டும். நமக்கு அது நாலைந்து நாளில் மேலே வந்துவிடுகிறது. பக்குவப்படாமல் வருவதால் உதிராமல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்கிறது. காயம் பட்டால் தோல் உதவிக்கு ஆள் கூப்பிடும். வந்த டி செல்கள் (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள்) வேலை முடிந்தும் கிளம்பாமல், கல்யாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஐஎல்-17 போன்ற ரசாயனங்களைச் சுரந்து தோல் செல்களை விரட்டிக்கொண்டே இருக்கின்றன. ரத்தக் குழாய்களும் பெருத்து மேலே நெருங்கி வருவதால்தான் செதிலைப் பிய்த்ததும் ரத்தம்.

உங்களில் யாருக்காவது இப்படிக் காயத்தின் மேல் வந்திருக்கிறதா?

பதில் 1

எனக்கு முள் இல்லை, பாவாடை நாடா. இடுப்பில் நாடா இறுகும் இடத்தில் வளையம் போட்டதுபோல வந்தது. நம் நிறத்துக்கு அது சிவப்பாகவும் தெரியாது, ஊதா கலந்த பழுப்பு. படர்தாமரை என்று நானே முடிவு செய்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கினேன். போட்டால் அமுங்கும், விட்டால் முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு வருஷம் இப்படியே போனது. நடுவில் ஆறி, ஓரத்தில் பரவிக்கொண்டே போய் முதுகுவரை ஏறிவிட்டது. இப்போது நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்கிறேன். ஆறின இடம் இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது.

பதில் 2

என் பையனுக்குக் காயமே இல்லை. 14 வயது. தொண்டை வலி, காய்ச்சல் வந்துபோய் இரண்டு வாரத்தில் நெஞ்சு, முதுகு எல்லாம் தூறல் விழுந்ததுபோலச் சின்னச் சின்னப் பொட்டு. பாட்டி அம்மை என்று வேப்பிலை செருகிவிட்டார். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் இதைக் கிளப்பிவிட்டது என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் மறைந்தது. திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

பதில் 3

சலூனில் என் பின்கழுத்தைப் பார்த்துவிட்டுச் சீப்பைக் கீழே வைத்துவிட்டார். ஒட்டாது என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தின இடத்திலும் வருமா?

முதலில் எழுதியவர்

வரலாம், ஆனால் ஒவ்வொரு காயத்திலும் வராது. நோய் கிளம்பி இருக்கும் சமயத்தில்தான் அதிகம் என்றார் டாக்டர். எனக்கே தை மாசம் பூனை பிராண்டியது. தினமும் விளக்கடியில் கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. காகிதப்பூவை மட்டும் இப்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெட்டுகிறேன்.