துருவங்களில் எடுக்கும் அளவீடுகளால் உலக நாடுகள் எதையாவது மாற்றியிருக்கின்றனவா?

நிலவன்:
பனி உருகுகிறது, கடல் மட்டம் உயர்கிறது என்று ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது, படித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். துருவங்களில் போய் உட்கார்ந்து அளப்பவர்கள் தரும் தரவை வைத்து நாடுகள் உருப்படியாக ஏதாவது முடிவு எடுத்திருக்கின்றனவா, இல்லை எல்லாம் கோப்பிலேயே தூங்குகிறதா? எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

வானளப்பான்:
ஓசோன் ஓட்டை இருக்கிறதே! அண்டார்க்டிகாவின் ஹேலி நிலையத்தில் பிரிட்டன்காரர்கள் 1950களிலிருந்து டாப்சன் கருவியை வைத்துத் தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டே வந்தார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத வேலை. 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் அந்தப் பழைய எண்களோடு புதியவற்றை ஒப்பிட்டு, தெற்கின் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துவிடுகிறது என்று வெளியிட்டார்கள். நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளிலும் அதே குறைவு பதிவாகியிருந்தது, ஆனால் இவ்வளவு குறைய வாய்ப்பில்லை என்று அந்த எண்களைச் சந்தேகப் பட்டியலில் போட்டு வைத்திருந்தார்கள். பழைய பதிவேடு இருந்ததால்தான் தைரியமாகச் சொல்ல முடிந்தது. 1987 செப்டம்பரில், ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வாயுக்களிலிருந்து வரும் குளோரின்தான் காரணம் என்பதற்கான வலுவான ஆதாரத்தை, ஓட்டைக்குள்ளேயே விமானத்தை ஓட்டி அப்போதுதான் திரட்டிக்கொண்டிருந்தார்கள். அது கைக்கு வந்ததும் 1990-இல் லண்டனில் கூடி விதிகளை இன்னும் இறுக்கினார்கள்.

வடகடல்:
ஆர்க்டிக்கிலும் உண்டு. 1980களில் கனடாவின் வட கியூபெக்கில் வாழும் இனுயிட் பழங்குடித் தாய்மார்களின் தாய்ப்பாலைச் சோதித்தபோது, தெற்கில் இருக்கும் தாய்மார்களைவிடப் பல மடங்கு பிசிபி என்ற நச்சுத் தொழிற்சாலை வேதிப்பொருள் இருந்தது. அங்கே ஆலையும் இல்லை, ஒன்றும் இல்லை! வெப்பமான இடங்களில் ஆவியாகும் நஞ்சு குளிர்ந்த இடத்தில் படிந்து, மீனிலிருந்து சீல், திமிங்கலத்தின் கொழுப்புக்குப் போய், கடைசியில் அதைச் சாப்பிடும் மனிதர்களிடம் சேர்கிறது. இப்படி எளிதில் சிதையாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதன் முகவுரையிலேயே ஆர்க்டிக் மக்களைக் குறிப்பிடுகிறது. அந்தத் தாய்மார்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பனித்தடம்:
இரண்டும் சரி, ஆனால் அளந்தாலே போதும் என்று ஆகிவிடக் கூடாது. அண்டார்க்டிகக் கடல் உயிரினங்களைக் காக்கும் ஆணையத்தில் ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு ராஸ் கடல் காப்பகத்துக்கு 2016-இல் சம்மதம் கிடைத்தது. கிழக்கு அண்டார்க்டிகா, வெடல் கடல் திட்டங்கள் தரவு இருந்தும் ஆண்டுக்கணக்கில் முடங்கின.

மீன்பிடிப்பு தொடங்காத இடம் என்றால் சுலபம். மத்திய ஆர்க்டிக் பெருங்கடலில் வணிக மீன்பிடிப்பே இல்லாதபோது, முதலில் ஆராய்வோம் என்று 2018-இல் ஒப்பந்தம் போட்டார்கள், 2021-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது என் கவலை வேறு. 2022-க்குப் பிறகு ரஷ்ய ஆய்வு நிலையங்களோடு மற்ற நாடுகளுக்கு இருந்த தொடர்பு பெரிதும் அறுந்துவிட்டது. ஆர்க்டிக் நிலத்தில் பாதிக்கு அருகில் ரஷ்யாவில்தான் இருக்கிறது, அங்கே உறைநிலம் உருகும் கணக்கில் விழும் இடைவெளியைப் பிறகு யாராலும் நிரப்ப முடியாது.