வாசலில் 190, கடைசி ரூமில் 9: மெஷ் வாங்கவா, ஒயர் இழுக்கவா?

மாடிவீட்டம்மா (அல்சூர்):
வணக்கம். பெங்களூரு அல்சூரில் வாடகை வீடு, 200 எம்பிபிஎஸ் பிளான். ஃபைபர் வந்து இறங்குவது வாசல் பக்கம் என்பதால் ரவுட்டரும் அங்கேயே, ஷூ ஸ்டாண்டுக்கு மேல் ஒரு பழைய ஆணியில் தொங்குகிறது. அதன் எதிரே நின்று போனில் பார்த்தால் 190. ஹால், சமையலறை தாண்டிக் கடைசி ரூமுக்குப் போனால் 9. நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது அங்கேதான். நேற்று மீட்டிங்கில் என் முகம் வாயைத் திறந்தபடி பத்து விநாடி அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் (புருஷன், ஓனர் இல்லை) மெஷ் வாங்கலாம், அதாவது வீட்டில் அங்கங்கே வைத்து வைஃபையைக் கடத்தும் டப்பாக்கள், என்கிறார். என் தம்பி ஒயர் இழு என்கிறான். ஓனரோ குடிவந்த நாளிலேயே ‘மொளெ ஹொடீபேடி’ என்று சொல்லிவிட்டார். ஆணியே அடிக்கக் கூடாது என்றால் சுவரில் ஓட்டை எப்படிப் போடுவது?

கம்பிக்கட்சி:
ஒயர்தான். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு போன், டிவி மட்டுமில்லை, அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே வரிசையில் நிற்கிறது. அல்சூர் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். போனில் வைஃபை லிஸ்டைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரியும். கேட் 6 என்ற நெட் ஒயரில் 1 கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) 100 மீட்டர் வரை போகும். உங்கள் வீட்டுக்கு 20 மீட்டர் தாராளம்.

மெஷ் மாமா:
இவருக்கு எல்லாத் தலைவலிக்கும் ஒரே மாத்திரை. மேடம், காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். ரவுட்டரில் 2.4, 5 கிகா ஹெர்ட்ஸ் என்று இருக்கும் இரண்டு பேண்டுக்கும் (அலைவரிசைக்கும்) வேறு வேறு பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் போன் எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாது. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தாண்டி வரும், ஆனால் அங்கே கூட்டம். அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். நடுவில் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடி. அப்புறம், வழியில் இரும்பு பீரோ ஏதாவது இருக்கிறதா?

மாடிவீட்டம்மா (அல்சூர்):
பிரித்துப் பார்த்தேன். கடைசி ரூமில் 5 பிடிக்கவே இல்லை, 9 வந்தது 2.4-ல். சேனல் 4-ல் இருந்ததை 11-க்கு மாற்றினேன், 22 வந்தது! ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் 12. பீரோ இருக்கிறது, சரியாக நடுச்சுவரில். கல்யாணச் சீர். அதை நகர்த்தினால் பின்னால் இருக்கும் ஓதக்கறை ஓனர் கண்ணில் படும், வேண்டாம்.

மெஷ் மாமா:
பைசா செலவில்லாமல் இரண்டு மடங்குக்கு மேல். கம்பிக்கட்சி என்ன சொல்கிறார்?

கம்பிக்கட்சி:
எட்டு மணிக்கு 12 என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறாரே, அதை யார் படிப்பது? தெருவே வீட்டுக்கு வந்து டிவி போடுகிற நேரம் அது. பக்கத்து வீட்டு ரவுட்டரை உங்கள் செட்டிங்கில் அணைக்க முடியாது.

மெஷ் மாமா:
நெரிசல் பேச்சு 2.4-க்குத்தான் பொருந்தும். 5 கிகா ஹெர்ட்ஸில் நம் நாட்டில் 2018-ல் கூடுதல் இடத்தை உரிமம் வேண்டாம் என்று திறந்துவிட்டார்கள். அங்கே சேனல் நிறைய, சுவரில் பலவீனப்படுவதால் பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறைவு. ஹாலில் ஒரு மெஷ் டப்பா வைத்தால் அந்த 5 கடைசி ரூமுக்கும் வந்துவிடும்.

கம்பிக்கட்சி:
வரும், பாதியாக. இரண்டு பேண்ட் மட்டும் இருக்கும் மெஷ்ஷில் நடு டப்பா ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும். வாங்கும்போது கொடுக்க முடியாது. அந்தப் பாதி வராமல் இருக்க டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவே என்ன போட வேண்டும் தெரியுமா? ஒயர்.

மெஷ் மாமா:
200-ல் பாதி 100. வீடியோ காலுக்கு 5 இருந்தாலே போதும். நீங்கள் சொல்லுங்கள், போனில் ஒயரை எங்கே செருகுவீர்கள்? என் வீட்டு டிவியில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், பல டிவிகளில் அப்படித்தான். அதே டிவி வைஃபையில் அதைத் தாண்டிப் போகிறது.

கம்பிக்கட்சி:
4கே படத்துக்கு 25 போதும், டிவி 100-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறது? மேடத்தின் முகம் உறைந்தது எம்பிபிஎஸ் குறைந்ததால் மட்டும் இல்லை. கடைசி ரூமிலிருந்து உங்கள் ரவுட்டருக்கே பிங் போட்டுப் பாருங்கள், ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். ஒயரில் 1 மில்லி செகண்டுக்குள் அசையாமல் நிற்கும். வைஃபையில் 4, 6, 5, திடீரென்று 200. அந்த 200-ல்தான் வாய் திறந்தபடி நிற்கிறது.

மாடிவீட்டம்மா (அல்சூர்):
போட்டுப் பார்த்தேன். 7, 5, 11, 240, 6, ஒரு தடவை பதிலே இல்லை. என் முகம் என்னால் இல்லை என்று தெரிந்ததில் சின்ன சந்தோஷம்.

புதுக்குடித்தனம் (பெல்லந்தூர்):
கரண்ட் ஒயரிலேயே நெட் போகும் பவர்லைன் அடாப்டர் இருக்கிறதே? இரண்டு பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

கரண்ட்காரர் (ஸ்ரீராம்புரம்):
நான் மூன்று வீட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இரண்டு வீட்டில் திரும்ப எடுத்தேன். மூணு பேஸ் வீட்டில் ஹால் ஒரு பேஸ், ரூம் வேறு பேஸ் என்றால் சரியாக வராது. மிக்ஸி ஓடினால் வேகம் விழும். ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அதுவே சிக்னலை வடிகட்டிவிடும். ஒரே பேஸ், நேராகச் சுவர் பிளக் என்றால் ஓரளவு ஓடும்.

அப்புறம் மேடம், ஓட்டை எதற்கு? உங்களுடையது பழைய வீடு என்றால் கடைசி ரூமில் லேண்ட்லைன் போனுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பாருங்கள். அந்தப் பைப் பெரும்பாலும் வாசல் பக்கம்தான் வந்து சேரும். உள்ளே இருக்கும் பழைய போன் ஒயரின் நுனியில் லேன் ஒயரைக் கட்டி, டேப் சுற்றி, பவுடர் பூசி இழுத்தால் வந்துவிடும். லேன் ஒயரைக் கரண்ட் பைப்பில் மட்டும் விடாதீர்கள். 230 வோல்ட்டோடு சேர்ந்து போகக் கூடாது. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம், வேண்டாம். உள்ளேயும் செம்பாகவே இருக்க வேண்டும்.

மாடிவீட்டம்மா (அல்சூர்):
அண்ணா, பெட்டி இருந்தது! கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால், பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அவன் இந்தப் பக்கம் தள்ள, நான் வாசலில் நின்று இழுக்க, ‘வருதா?’ ‘வரலை’ என்று அரை மணி நேரம். ஒரு வளைவில் சிக்கிக்கொண்டது. பாண்ட்ஸ் பவுடர் அரை டப்பா காலி. கடைசியில் என் கைக்கு நுனி வந்தபோது பல வருஷத் தூசியோடு வந்தது. தம்பியே இரண்டு நுனியிலும் கிளிப் அடித்தான். லேப்டாப்பில் செருகினால் பிங் 1-க்குள். ஆனால் வேகம் 94. எத்தனை தடவை பார்த்தாலும் 94. 200 எங்கே?

மெஷ் மாமா:
ஒயர் கட்சி வாக்குறுதி கொடுத்த கிகாபிட் இதுதானா? மெஷ்ஷிலும் பாதி வந்திருக்கும், பவுடராவது மிஞ்சியிருக்கும்.

கம்பிக்கட்சி:
94 என்பது ஒரு அடையாளம். லிங்க் 100-ல் நிற்கிறது என்று அர்த்தம். 100-க்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் தொட வேண்டும். ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் சரியாக இருக்கின்றன. நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று கிளிப்புக்குள் எட்டவில்லை. ரவுட்டரிலும் லேப்டாப்பிலும் கிகாபிட் போர்ட்தானா என்று பார்த்துவிட்டு, தம்பியை மறுபடி கூப்பிடுங்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

மாடிவீட்டம்மா (அல்சூர்):
பழுப்புதான். வாசல் பக்கக் கிளிப்பில் ஒரு அரிசி நீளம் குறைவாக வெட்டியிருந்தான். வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் அடித்ததும் 188.

மெஷ் மாமா:
சரி, வாழ்த்துகள். கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்த்தால் எவ்வளவு?

மாடிவீட்டம்மா (அல்சூர்):
அதே 22 தான், எட்டு மணிக்கு 12. அந்த ஒயர் முனையில் பழைய ரவுட்டர் ஒன்றை வைத்து அந்த ரூமுக்குத் தனி வைஃபை கொடுக்கலாம் என்கிறான் தம்பி. அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் நன்றி. இன்றைய மீட்டிங்கில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றவர் எங்கள் மேனேஜர்.