குழாய் வாஷர் போதும் என்று எழுதிய மகானுக்கு

ஞாயிறு_கிதார் | இரவு 8.40
"கிதார் உடம்பிலுள்ள பட்டனிலிருந்து பெல்ட் நழுவாமலிருக்க லாக் வாங்குவது முட்டாள்தனம். பட்டன் மேல் ஐந்து ரூபாய் குழாய் வாஷரை மாட்டினால் ஆயுளுக்கும் போதும்" என்று பழந்தந்தி நேற்று அருள்வாக்கு சொல்லியிருந்தார். பதினேழு பேர் கைதட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது கேரல் பவனியில் நின்றுகொண்டு வாசித்தவரா? போன டிசம்பரில் எங்கள் பாடகர் குழுத் தம்பி ஒருவன் இதே யோசனையை நம்பினான். நான்காவது வீட்டு வாசலில் கேக் வாங்கக் குனிந்தான். பெல்ட் வாஷரையும் இழுத்துக்கொண்டு கழன்றது. கிதார் தலைகுப்புற சிமெண்ட் தரையில் விழுந்து, நட்டுக்குக் கீழே கழுத்து பிளந்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி அழுதுவிட்டார். தம்பி கேக்கைக் கீழே விடவில்லை என்பது வேறு கதை.

பழந்தந்தி | இரவு 8.52
பெயரைச் சொல்லி இழுத்தால் வரத்தான் வேண்டும். 1999 முதல் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். திருவிழா, கல்யாணம், லாரி மேல் போட்ட மேடை, எல்லாம் பார்த்தவன். வாஷர் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. கைவிட்டது லாக்தான். காசைக் கொட்டி வாங்கிய லாக்கின் நட், மூன்றாம் மாதம் இரண்டாவது பாட்டிலேயே கழன்று மிருதங்கக்காரர் மடியில் போய் விழுந்தது. கிதாரை முழங்காலால் பிடித்தேன். நட் கழலும். இதுதான் என் வாதம்.
உங்கள் தம்பி எந்த அளவு வாஷர் வாங்கினான்? துளை, பட்டனின் கழுத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இழுத்து விரித்துத்தான் மாட்ட முடிய வேண்டும். தொளதொள வாஷரை மாட்டியவனுக்கு நான் பொறுப்பா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிளந்தது நட்டுக்குக் கீழே என்று. பார்த்தீர்களா, அங்கேயும் நட்!

ஞாயிறு_கிதார் | இரவு 8.58
ஐயா, அது தந்திகள் உட்காரும் நட். லாக்கின் நட் இல்லை. இருபத்தைந்து வருட அனுபவம் பளிச்சென்று தெரிகிறது.

பேஸ்_நாலு | இரவு 9.05
எந்த லாக்கைப் பற்றிப் பேசுகிறோம்? ஷாலர் கம்பெனி லாக்கின் பழைய வடிவத்தில் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது ஓர் அறுகோண நட். அதுதான் தளரும். புதிய எஸ்-லாக்கில் அந்த இடத்தில் ஒரு வட்டு; அது சுற்றாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு குட்டித் திருகு. டன்லப் ஸ்ட்ராப்லாக்கில் பெல்ட்டைப் பிடிப்பது வளையக் கிளிப். முதலில் மாடலைச் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே.

பழந்தந்தி | இரவு 9.09
மாடல் எதுவானால் என்ன? நட் கழலும்.

ஞாயிறு_கிதார் | இரவு 9.14
ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து இறுக்கினால் கழலாது. என் லாக்கில் வைத்து ஆறு வருடம் ஆகிறது.

பழந்தந்தி | இரவு 9.16
ஆக, கழலும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். கழலாத பொருளுக்கு எதற்கு நகப்பூச்சு?

மரத்தூள் | இரவு 9.31
பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் பெல்ட் முனையையே பார்க்கிறீர்கள். என் மேசைக்கு வரும் விழுந்த கிதார்களில் பெரும்பாலும் பிடுங்கிக்கொண்டது திருகு. பட்டன் மரத்தில் ஆடத் தொடங்கினால் அதன் மேல் தங்கத்தில் லாக் மாட்டினாலும் பயனில்லை. மருந்து எளிது: திருகைக் கழற்றி, துளையில் பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து நெருக்கமாகச் சொருகி, ஓர் இரவு காயவிட்டு, நீட்டியதைச் சீவிவிட்டு மறுபடி திருகுங்கள். புரியில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் கடின மரத்தில் திருகு முறியாது. லாக்கோடு வரும் திருகு பழைய துளைக்கு ஒல்லியாக இருக்கலாம், தடிமனாகவும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் முறுக்குகிறவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.
பட்டன் இருக்கும் இடத்தையும் பாருங்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் பட்டன் இருக்கும் மேல்கொம்பு ஏறக்குறைய பன்னிரண்டாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) வரை நீள்கிறது, அதனால் கழுத்து நிலையாக நிற்கும். கிப்சன் எஸ்ஜியில் பட்டன் கழுத்தும் உடலும் சேரும் இடத்தின் பின்புறம். கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்க்கும். அந்த இழுவையில் பெல்ட் துளை சீக்கிரம் தேயும்.
இன்னொன்று. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிதாரில் ரப்பர் நாள்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் பூச்சு இளகித் தழும்பாகிவிடும்.

பழந்தந்தி | இரவு 9.38
வாஷர் மாட்டுவது பெல்ட்டுக்கு மேலே. நடுவில் தோல் இருக்கிறது. மரத்தில் எப்படிப் படும்? கடை வைத்திருப்பவருக்கு இதுவும் தெரியவில்லையா? நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. நட் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? இல்லை.

மரத்தூள் | இரவு 9.41
போன வருடம் உங்கள் கிதாரின் ஃப்ரெட்டைத் தேய்த்துக் கொடுத்ததற்குப் பாதிக் கூலி இன்னும் பாக்கி. அதைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

பழந்தந்தி | இரவு 9.42
ஆறாம் ஃப்ரெட் இன்றும் இரைகிறது. முழு வேலைக்கு முழுக் கூலி.

சொல்லேர் | இரவு 9.50
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கிதார் என்பதா, கிட்டார் என்பதா? இந்த இழையில் எல்லோரும் தவறாகவே எழுதுகிறீர்கள். பெல்ட் இடுப்பில் கட்டுவது. தோளில் போடுவது தோள்வார்.

ஞாயிறு_கிதார் | இரவு 9.53
தோள்வார் அறுந்தாலும் கிதார்தான் உடையும், தமிழ் உடையாது. தயவுசெய்து வேறு இழை தொடங்குங்கள்.

சொல்லேர் | இரவு 9.55
இந்த அலட்சியத்தால்தான் நட் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு பொருளுக்காக அடித்துக்கொள்கிறீர்கள்.

புதுவிரல் | இரவு 10.02
வணக்கம். சனிக்கிழமை கல்லூரி விழாவில் வாசிக்கிறேன். என்னுடையது அக்கூஸ்டிக். கீழ் முனையில் பட்டனும் ஒயர் சொருகும் ஜாக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. மேலே பட்டன் இல்லை, கயிற்றால் தலைப்பகுதியில் கட்டுகிறேன். நான் எதை வாங்குவது?

பழந்தந்தி | இரவு 10.04
வாஷர்.

ஞாயிறு_கிதார் | இரவு 10.04
இவர் பேச்சைக் கேட்காதீர்கள். லாக் வாங்குங்கள்.

மரத்தூள் | இரவு 10.10
தம்பி, ஜாக் உள்ள முனையில் வழக்கமான லாக் உட்காராது. துளை அரை அங்குலம், அதில் மாட்டும் திருகே கிடையாது. கழுத்தின் அடிப்பகுதியில் ஒரு பட்டன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போல்ட் போட்ட கழுத்தா என்று பார்க்காமல் யாரையும் துளையிட விடாதீர்கள். சனிக்கிழமைக்குள் அவசரப்பட வேண்டாம். கயிறே இருக்கட்டும்.

பேஸ்_நாலு | இரவு 10.15
வெளிநாட்டில் பலர் குரோல்ஷ் பியர் பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்தைப் பட்டனில் மாட்டுகிறார்கள். அதனால் வாஷர் யோசனையே பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது.

பழந்தந்தி | இரவு 10.17
கேட்டுக்கொள்ளுங்கள்!

ஞாயிறு_கிதார் | இரவு 10.19
பியர் வளையத்தை மாட்டிக்கொண்டு நான் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமா?

பழந்தந்தி | இரவு 10.26
பேச்சு போதும். என் கிதாரின் படத்தை இணைத்திருக்கிறேன். பதினொரு வருடமாக அதே பட்டன், அதே பெல்ட், குழாய் வாஷர். கண்ணிருப்பவர்கள் பார்க்கட்டும்.

பேஸ்_நாலு | இரவு 10.33
பெரிதாக்கிப் பார்த்தேன். அகலமான தலை, ஆழமான பள்ளம். கிதாரோடு வந்த பட்டன் இல்லையே இது? லாக்கோடு வருகிற பட்டன். சும்மா மாட்டினாலே பெல்ட் லேசில் வராது.

ஞாயிறு_கிதார் | இரவு 10.34
ஆகா.

பழந்தந்தி | இரவு 10.41
ஆமாம், அந்தப் பழைய லாக்கின் பட்டன்தான். அதை ஏன் கழற்ற வேண்டும்? பட்டனைக் குறை சொன்னேனா? நட்டைத்தான் சொன்னேன். நட் கழலும்.

மரத்தூள் | இரவு 10.43
பாக்கிக் கூலி?