படிவம் 4 பிள்ளைகள் கையில் அடர் அமிலம் கொடுக்கலாமா?

பட்டர்வொர்த் அம்மா
என் மகன் படிவம் 4 படிக்கிறான், பதினாறு வயது. போன வாரம் அவன் வகுப்பில் ஒரு பையனின் கழுத்தில் அமிலம் தெறித்துவிட்டது. உடனே கழுவியதால் பெரிய காயம் இல்லை, சட்டைக் காலர்தான் பொத்தலாகிவிட்டது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இதையெல்லாம் காணொளியில் காட்டினால் போதாதா? யூடியூபில் இல்லாத சோதனையா?

ஓய்வு வாத்தியார்
போதாதும்மா. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் 2021 முதல் செய்முறைத் தேர்வு இருக்கிறது. காணொளி மட்டும் பார்த்தவன் அங்கே திரவத்தை அளந்து விடும் பியூரெட் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பான். பள்ளியில் பிள்ளைகள் தொடுவது பெரும்பாலும் நீர்த்த அமிலம். தோலில் பட்டால் கழுவினால் சரியாகிவிடும். கண்ணில் பட்டால்தான் வம்பு.

கேஎல்வாசி
சோதனைக் குழாய்க்கு இவ்வளவு சண்டையா? முதலில் தொழிற்சாலைகளைக் கேளுங்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூட வைத்தது படிவம் 4 மாணவனா?

ஷிப்டுக்காரன்
அண்ணே, அது அமிலம் இல்லை. சுங்கை கிம் கிம் ஆற்றில் திருட்டுத்தனமாகக் கொட்டிய ரசாயனக் கழிவு. அமிலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் தென்கொரியாவின் குமி நகரைச் சொல்லுங்கள். 2012 செப்டம்பரில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கசிந்து ஐந்து பேர் செத்தார்கள், பக்கத்துக் கிராமத்துப் பயிரெல்லாம் கருகிப் போனது.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சிலிக்கான் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அரித்தெடுக்க எங்களுக்கும் அதே சரக்குதான், தண்ணீரில் கரைத்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியையே தின்னும் என்பதால் பிளாஸ்டிக் கலனில்தான் வரும். செறிவு குறைந்தது தோலில் பட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட வலி கிளம்பலாம். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகமாகப் பட்டால் இதயமே நின்றுவிடும். அதனால்தான் தண்ணீரில் கழுவியதோடு விடாமல் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் தடவச் சொல்கிறார்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம், ஏப்ரன், நீளக் கையுறை இல்லாமல் யாரையும் அந்த மேசைப் பக்கம் விடமாட்டார்கள். மேலாளராக இருந்தாலும் சரி.

பட்டர்வொர்த் அம்மா
நல்ல வேளை, தம்பி சொல்லிவிட்டார். வாத்தியார் ஐயா, ‘நீர்த்த அமிலம்’ என்றீர்களே, அன்று நடந்தது கரைசலில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கும் பழுப்பு வளையச் சோதனை. நைட்ரேட் கரைசலில் நீர்த்த கந்தக அமிலமும் இரும்பு(II) சல்பேட்டும் ஊற்றி, கடைசியில் குழாயைச் சாய்த்து அடர் கந்தக அமிலத்தைச் சுவரோடு மெதுவாக இறக்க வேண்டுமாம். குலுக்கவே கூடாதாம். அந்தப் பையன் வளையம் தெரியவில்லை என்று குலுக்கியிருக்கிறான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தானா என்று கேட்டேன். ஒரு மேசைக்கு ஒரு கண்ணாடிதானாம், மாற்றி மாற்றிப் போடுகிறார்களாம்!

ஓய்வு வாத்தியார்
கண்ணாடி விஷயம் அநியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். குலுக்கினால் அடர் அமிலமும் தண்ணீரும் சட்டென்று கலந்து, அந்தச் சூட்டில் பொங்கித் தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று கரடியாகக் கத்துவதும் இதற்குத்தான். குழாய் சூடாவதைத் தன் விரலில் உணர்ந்த பிள்ளைக்கு மறுபடி சொல்ல வேண்டியதே இல்லை. காணொளியில் அந்தச் சூடு வராதும்மா.

இன்னொன்று. உங்கள் குளியலறையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த கழிவறைத் திரவம் இருக்கலாம், பக்கத்திலேயே துணி வெளுக்கிற க்ளோரொக்ஸும் இருக்கும். ‘பளிச்சென்று ஆகட்டும்’ என்று இரண்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவருக்கு மூச்சு அடைக்கும். அங்கே ஆசிரியரும் இல்லை, லேப் உதவியாளரும் இல்லை. லேபிளைப் படிக்கப் பழகிய பிள்ளைதான் வீட்டில் தடுப்பான்.

கேஎல்வாசி
பட்டால் பற்பசை தடவலாம் என்கிறார்களே?

ஷிப்டுக்காரன்
வேண்டவே வேண்டாம். சோடா மாவும் வேண்டாம், தோலின் மேலேயே வினை நடந்து சூடு கிளம்பலாம். பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது கணக்கில் வராது. அப்புறம் மருத்துவமனை.

பட்டர்வொர்த் அம்மா
சரி, நீர்த்த அமிலச் சோதனைகளைப் பிள்ளைகள் செய்யட்டும். அடர் அமிலத்தை மட்டும் ஆசிரியரே முன்னால் நின்று செய்து காட்டட்டும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

ஓய்வு வாத்தியார்
முன்னால் நின்று செய்து காட்டினால் பின்வரிசை தூங்கும். என் அனுபவம் அது.

பட்டர்வொர்த் அம்மா
தூங்கட்டும் ஐயா. பள்ளிக் கழுவுதொட்டியில் அன்று தண்ணீர் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஷிப்டுக்காரன்
கூட்டத்தில் கண்ணாடி கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், அக்கா. பட்டறையில் போடுகிற சாதாரணக் கண்ணாடியை வாங்கித் தள்ளிவிடுவார்கள். அதில் மேலும் பக்கமும் இடைவெளி இருக்கும், தெறிக்கிற திரவம் உள்ளே போய்விடும். முகத்தோடு ஒட்டி, சுற்றிலும் மூடியதாகக் கேளுங்கள், தலைக்கு ஒன்று.