ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று மேட்டூர் மதகை எண்ண முடியுமா?

அஸ்தம்பட்டியான்
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "ஏற்காட்டுக்கு 18-400 எம்எம் ஜூம் லென்ஸ் ஒண்ணு போதும், மத்ததெல்லாம் வீண் சுமை. லேடீஸ் சீட்ல நின்னு, கையில பிடிச்சே மேட்டூர் டேமோட 16 கண் மதகை எண்ணிட்டு வந்தேன்." படிச்சதுல இருந்து மனசு ஆறலை. அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் பதினஞ்சு வருஷமா ஏறி இறங்குறவன் நான். லேடீஸ் சீட்ல விடியக்காலையும் நின்னிருக்கேன், அடைமழை விட்ட மறுநாளும் நின்னிருக்கேன். அங்கிருந்து மேட்டூர் நேர்கோட்டுலயே 40 கிலோமீட்டருக்கு மேல. நடுவுல சேலத்துப் புகையும் தூசியும். வெயில் ஏறினா கானல். மதகை எண்ணினேன்னு சொல்றவர் படத்தைப் போடணும். இதை நம்பி ஏதோ ஒரு பையன் மூணு மாசச் சம்பளத்தைக் கொண்டுபோய் கடையில கொட்டுவான்.

நானும் அப்படிக் கொட்டினவன்தான். ஊர் ஊரா சுத்துறவனுக்கு ஒரே லென்ஸ் போதும்னு 18-200 வாங்கினேன். ஆறே மாசத்துல குழல் தானா நழுவ ஆரம்பிச்சுது. கழுத்துல தொங்கவிட்டு பத்தடி நடந்தா 18ல இருந்தது 100க்கு இறங்கி நிக்கும். பகோடா பாயிண்ட்ல மூடுபனிக்குள்ள ஒருநாள் முழுக்க வச்சிருந்தேன். ஜூம் குழல் நீண்டு சுருங்குறப்பெல்லாம் காத்தோட ஈரத்தையும் உள்ள இழுக்கும். அடுத்த மழைக்காலத்துல உள்கண்ணாடியில சிலந்திவலை மாதிரி பூஞ்சை. சுத்தம் பண்ணக் கொடுத்த கடையில கண்ணாடியைக் கோணலா மாட்டிட்டாங்க. இன்னைக்கும் படத்தோட இடது ஓரம் மங்கல்தான்.

கொண்டலாம்பட்டி 400
அந்த ஒருத்தர் நான்தானுங்ணா. பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், நான் ஒண்ணும் ஓடி ஒளியலை. எண்ணினேன். 16 கண். உங்களுது 11 எக்ஸ், என்னுது 22 எக்ஸ். உங்க லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சதுக்கு என் கண்ணைக் குறை சொன்னா எப்படி?

அஸ்தம்பட்டியான்
தம்பி, 400ஐ 18ஆல வகுத்தா 22 வரும். எக்ஸ்னா அவ்வளவுதான். 10ல ஆரம்பிச்சு 220ல முடியுற லென்ஸ் இருந்தா அதுவும் 22 எக்ஸ்தான். 35 எம்எம் ஃபிலிம் கேமராவுக்கு முதன்முதலா வந்த ஜூம், 1959ல ஃபோக்ட்லாண்டர் விட்ட ஜூமார். 36ல இருந்து 82 வரைக்கும். அதை வச்சு நாலு தெரு தள்ளி இருக்கிற கோபுரத்தைக்கூட கிட்ட இழுக்க முடியாது. ஆனா அதுவும் ஜூம்தான். கிட்ட இழுக்கிறது வேற, விரிஞ்சு சுருங்குறது வேற.

இன்னொண்ணு. மேட்டூர் அணையோட உயரம் 214 அடி. இவ்வளவு தூரத்துல இருந்து 400ல எடுத்தா அந்த மொத்த உயரமும் சென்சார்ல அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதுலயும் 16 கண் மதகு அணைச்சுவர்லயே இல்ல, தள்ளித் தனியா இருக்கு. நீ எண்ணினது எதை?

கொண்டலாம்பட்டி 400
பார்த்தவனுக்கு எதுக்குங்ணா கணக்கு? 16.

காப்பித்தோட்டம்
நான் ஏற்காட்டுலயே பொறந்து வளர்ந்தவ. எங்க வீட்ல "இன்னைக்கு டேம் தெரியுது"ன்னு சொன்னா, தண்ணி தெரியுதுன்னு அர்த்தம். சுவரை யாரும் பார்த்ததில்ல. மழை கழுவிவிட்ட நாள்ல, சூரியன் அந்தப் பக்கம் சாயுற நேரத்துக்கு, ஒரு வெள்ளிக்கம்பியை வளைச்சுப் போட்ட மாதிரி மின்னும். கொஞ்ச நேரத்துல செம்பு நிறமாகும், அப்புறம் மலையோட மலையா கலந்துடும். சுவர் அப்படி மின்னாது. அண்ணன்க ரெண்டு பேரும் எதை டேம்னு சொல்றீங்கன்னு முதல்ல சொல்லிட்டு சண்டை போடுங்க.

பிரைம் பக்தன்
ஜூம்ங்கிறதே சோம்பேறி லென்ஸ். ஜூம் ஆகாத 50 எம்எம் பிரைம் ஒண்ணு போதும். கிட்ட வேணும்னா நாலு எட்டு வச்சுப் போங்க. கால் எதுக்கு இருக்கு?

கொண்டலாம்பட்டி 400
காப்பித்தோட்டத்துல காட்டெருமை நிக்கும்போது நாலு எட்டு வச்சுப் போய் 50ல எடுத்துட்டு வாங்க, மாலை போட்டு வரவேற்கிறோம்.

பிரைம் பக்தன்
காட்டெருமையை நான் எடுத்திருக்கேன். 85ல. ரோட்டோரமா அதுவே வந்து நின்னுது. பொறுமை இருக்கிறவனுக்கு லென்ஸ் எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்.

அஸ்தம்பட்டியான்
காட்டெருமை கதையெல்லாம் அப்புறம். படம் எங்கே?

பவானி கூடல்
எனக்கு ஒரு விஷயம் புரியலை. ஏழைகளின் ஊட்டிக்குப் போறதுக்கு இத்தனை லென்ஸ் பேச்சா? ஏரியில ஒரு ரவுண்டு படகு, ஒரு பஜ்ஜி, அப்படியே இறங்கிடலாம். ஃபோனே போதும்.

காப்பித்தோட்டம்
அந்தப் பேரை எங்க மலைக்கு வைக்காதீங்க. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துலயே காபி நட்ட மலை இது. சேர்வராயன் கோவில் உச்சி ஐயாயிரம் அடிக்கு மேல. தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டம் இங்க இருக்கு. அதுல சில பூ அரிசி அளவுதான் இருக்கும். ஃபோனைக் கிட்டக் கொண்டுபோனா பின்னால இருக்கிற இலையைத்தான் பிடிக்கும். படகுல சுத்திட்டு பஜ்ஜி தின்னுட்டு, தாளை ஏரிக்கரையிலயே போட்டுட்டு இறங்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?

பவானி கூடல்
நான் தாளைப் போட்டதை நீங்க பார்த்தீங்களா? எந்த ஜூம்ல?

கொண்டலாம்பட்டி 400
அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டார் போல, படத்தைப் போட்டுட்டேன். கேமரா திரையை ஃபோன்ல எடுத்தது. பார்த்துக்கோங்க.

அஸ்தம்பட்டியான்
பார்த்தேன். உன் கட்டைவிரல் நகம் நல்லாத் தெரியுது. அதுக்கு மேல நீலமா மலை, மலைக்குக் கீழ வெளிறின கோடு, கோட்டுல நாலஞ்சு புள்ளி. திரையோட மூலையிலயே எழுதியிருக்கு: லென்ஸ் துளை எஃப் 6.3, ஷட்டர் வேகம் நொடியில 80ல ஒரு பங்கு. கையில பிடிச்சு 400ல எடுக்கணும்னா, இந்த சைஸ் சென்சார்ல 600ல ஒரு பங்காவது வேணும். அதிர்வுத் தடுப்பு இருக்குன்னு சொல்லுவ. அது உன் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், கானலைத் தடுக்காது. சேலத்து வெயில்ல சூடான காத்து அலையலையா மேல ஏறுது. அதுக்கு நடுவுல ஒரு லட்ச ரூபா லென்ஸ் வச்சாலும் கஞ்சிதான். நீ எண்ணினது புள்ளியை. மதகு இல்ல. கேமரா பதிஞ்ச மூலப்படம், அந்த ரா ஃபைலைப் போடு.

சூரமங்கலம் ஸ்டேஷன்
எனக்கு அந்தக் கோடு டேம் மாதிரியே தெரியலை. கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கம் மேல இருந்து பார்த்தா இப்படித்தான் வெளிறிக் கிடக்கும். அங்க நின்ன டிப்பர் லாரியை எண்ணிட்டாரோ என்னவோ.

கொண்டலாம்பட்டி 400
சுரங்கம் மலையடியில இருக்கு, இது தூரத்து மலைக்குக் கீழ இருக்கு. எனக்கு மேட்டூர் தெரியாதா? அனல்மின் நிலையத்துப் புகையை அடையாளம் வச்சு, அங்கிருந்து நகர்த்தித்தான் பிடிச்சேன். அண்ணன் ரா கேக்குறார். போன வருஷம் கோடை விழா மலர்க்கண்காட்சியில என்கிட்ட வாங்கிட்டுப் போன 72 எம்எம் போலரைசர் ஃபில்டரை முதல்ல திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க.

அஸ்தம்பட்டியான்
அதை அன்னைக்கு சாயங்காலமே உன் பைக்குள்ள வச்சேன். ஆள் வச்சு நிரூபிப்பேன். அதே கண்காட்சியில நான் காலை ஆறு மணியில இருந்து முக்காலி போட்டுக் காத்திருந்த இடத்துல வந்து முன்னால நின்னவன் யாரு? அந்தப் பனித்துளி வெளிச்சம் அஞ்சு நிமிஷம்தான் இருந்துது. போச்சு. அதை நான் வெளிய சொன்னேனா? இப்ப நீ ஃபில்டரை இழுத்ததால சொல்றேன்.

பிரைம் பக்தன்
முக்காலி போட்டுக் காத்திருந்தீங்கன்னா 50 போதுமே.

அஸ்தம்பட்டியான்
ஐயா, நான் ஜூமுக்கு எதிரி இல்ல. என் பையில இன்னைக்கும் 70-300 இருக்கு. வளைவுல வண்டியை ஓரங்கட்டி, கீழ சேலம் விளக்கு ஏத்துறதை எடுக்க அதுதான் வேணும். லென்ஸ் மாத்துறதுக்குள்ள குரங்கு மூடியைப் பிடுங்கிட்டு ஓடியும் இருக்கு, அதனால ஒரே லென்ஸோட அருமை எனக்கும் தெரியும். 18-400 பயணத்துக்கு வசதின்னு எழுதியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மதகை எண்ணினேன்னு எழுதினதுதான் தப்பு. அந்த வரியை எடுக்கட்டும்.

கொண்டலாம்பட்டி 400
எடுக்க மாட்டேன்.

காப்பித்தோட்டம்
இங்க இப்பத்தான் மழை விட்டிருக்கு. மேற்குப் பக்கம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. தண்ணி மின்னுது. அண்ணன்க யாராவது கேமராவோட மேல வர்றதா இருந்தா அரைமணி நேரம்தான்.

கொண்டலாம்பட்டி 400
பார்த்தீங்களா? டேம் தெரியுதுன்னு அவங்களே சொல்றாங்க.

அஸ்தம்பட்டியான்
தண்ணின்னு சொன்னாங்க. நல்லாப் படி. ரா ஃபைல் எங்கே?

கொண்டலாம்பட்டி 400
ஃபில்டர் எங்கே?